உர்சுலின் கிணற்றுக் கயிறு

அர்மாந்தினுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் முதுகுத்தண்டில் ஆணி அடித்த மாதிரி வலி. அடுப்படியில் நின்று முட்டைக்கோசு நறுக்கும்போது இடது கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டுதான் வலது கையை ஓட்ட வேண்டியிருந்தது. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் திராட்சைச்சாறு ஏறிக் கறுத்துக் கிடந்தது. எந்தச் சோப்புக்கும் அது போகாது.

அந்த வருசம் வசந்தத்தில் பனி பாதி மொட்டைக் கருக்கியது. கோடையில் ஆலங்கட்டி அடித்தது. மிஞ்சின பழமும் பழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அக்டோபர் பாதியில் சாரலில் நனைந்துகொண்டே அறுத்தார்கள். பினோ என்கிற இந்தத் திராட்சையின் கொத்து கைக்குள் அடங்கிப் போகும், குருவிக்கூடு மாதிரி. ஒரு கூடை நிரம்புவதற்குள் மனுசனுக்கு உயிர் போய்விடும். இந்த வருசம் பாதிக் கூடைக்கே போயிற்று.

இதே பினோதான் கிழக்கே பெரிய சரிவிலும் விளைகிறது. அங்கே அதைக் காரில் வந்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் போத்தலைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி கிடத்துவார்கள். இங்கே, இந்தப் புவாசெல் மேட்டில் விளைகிறது மோன்சோ நிலக்கரிக் குழியில் வேலை செய்கிறவர்களுக்கு. ரெண்டு பொட்டலம் சிகரெட் விலைக்கு ஒரு போத்தல். அதற்கு மேல் ஒரு காசு ஏறினாலும் அவர்களால் வாங்க முடியாது. குறைந்தால் இவர்களால் மேட்டில் இருக்க முடியாது.

"மாந்தின்! ஏ மாந்தின்! ஓடி வா!"

ஒயின் தொட்டிக் கொட்டகையிலிருந்து புருசன் லெயோன்சின் குரல். அர்மாந்தின் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் ஒரு முறை கத்தினாலே அதற்குப் பின்னால் நாலு இருமல் வரும். வந்தது.

லெயோன்ஸ் ஆளுயரத்துக்கும் மேலான மரத்தொட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான். ஐம்பத்து நாலு வயசு. பாதி ஆயுசு குழிக்குள் போயிற்று. நெஞ்சுக்குள் கரித்தூசி கல்லாகி, குழி முதலாளிகளே வேண்டாம் போ என்று அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறுவதற்கு நடுவில் ஒரு தரம் உட்காருவான்.

"கேளு. பிடிச்சிருச்சு."

"எது பிடிச்சிருச்சு? நீ கத்துன கத்துல வீடுதான் பிடிச்சிருச்சோன்னு வந்தேன்."

"கொதி பிடிச்சிருச்சுடி. சருகுல எறும்பு ஓடுற மாதிரி கேக்குது. நல்ல கொதி."

அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று கேட்டாள். சாறு நுரைத்துப் பொங்கி ஒயினாக மாறுவதுதான் கொதி. கொதிக்கிற தொட்டிப் பக்கம் பொம்பளை போனால் ஒயின் புளித்துக் காடியாகிவிடும் என்பது அந்த மேட்டு வழக்கம். அறுப்பதற்கு, சுமப்பதற்கு, பீப்பாய்க்குள் தலையை விட்டுக் கழுவுவதற்குப் பொம்பளை வேண்டும். கொதி பிடித்துவிட்டால் படிக்கு வெளியே நிற்க வேண்டும். அர்மாந்தினின் அம்மாவும் அப்படித்தான் நின்றாள்.

கொதி சும்மா பிடித்துவிடவில்லை. பழம் சவம் மாதிரி சில்லென்று கிடந்தது. பெரிய அண்டாவில் சாற்றைச் சூடுபண்ணிச் சூடுபண்ணி ஊற்றினார்கள். கொட்டகையின் கதவிடுக்கு, சன்னல், ஓட்டுச்சந்து எல்லாவற்றிலும் கோணிச்சாக்கைத் திணித்துக் காற்றை நிறுத்தினார்கள். உள்ளே நிற்கும்போது கம்பளிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

"சரி, பிடிச்சிருச்சுல்ல. சாக்கை எடுத்துருவோம்" என்றாள்.

"எடுத்தா?"

"காத்து வரும்."

"குளிரும் வரும். வெளிய தரையெல்லாம் வெள்ளையாக் கிடக்குது, பாத்தியா? திரும்ப அணைஞ்சுருச்சுன்னா குழிப் பயலுகளுக்கு என்னத்தக் குடுக்கிறது? திராட்சைக் கஞ்சியா?"

"கெட்ட காத்து நிக்குமே லெயோன்ஸ்."

"எனக்கா கெட்ட காத்தைப் பத்திச் சொல்ற?" அவன் சிரித்தான், இருமினான், சுவரில் ஆணியில் தொங்கிய குழி விளக்கைத் தட்டிக் காட்டினான். குழியிலிருந்து வரும்போது அவன் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான். "இவன் இருக்கான். கெட்ட காத்துன்னா சுடர் காட்டிக்குடுத்துரும். பொய் சொல்ல மாட்டான்."

தொட்டியில் பழம் கொதிக்கும்போது தோலும் காம்பும் மேலே மிதந்து கெட்டியாகத் திரண்டுவிடும். அதைத் தொப்பி என்பார்கள். காலையும் சாயங்காலமும் தொப்பியை உள்ளே அமுக்கிவிட வேண்டும். விட்டால் காய்ந்து காடியாகும். கழியால் குத்தலாம், ஆனால் பினோவின் தோல் மெல்லிசு. குத்தினால் கசப்பு இறங்கும். மனுசன் கால்தான் சரி. சூடும் உண்டு, பதமும் உண்டு. லெயோன்ஸ் கால்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொட்டியின் மேல் குறுக்கே கிடந்த பலகையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குவான்.

மற்ற வருசங்களில் தொட்டி நிறையப் பழம் இருக்கும். இறங்கினால் இடுப்புக்கு மேல் வெளியே தெரியும். அவள் படிக்கு வெளியே நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். இந்த வருசம் பழம் பாதித் தொட்டிதான். அவன் விளக்கைக் கையில் எடுத்தான், தூக்கிப் பார்த்தான், சுடர் நின்று எரிந்தது. விளக்கைப் பலகையில் வைத்துவிட்டு இறங்கினான். தோள் போயிற்று, கழுத்து போயிற்று, தலையும் விளிம்புக்குக் கீழே போயிற்று.

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து சதக் சதக் என்று சத்தம் வந்தது. இருமல் வந்தது. பல வருசமாக அந்த இருமல் அவளைத் தூங்கவிட்டதில்லை. தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, ஒரு ராத்திரியாவது நிற்காதா என்று நினைத்திருக்கிறாள். இப்போது வாசற்படியில் நின்று, நிற்காதே, நின்றுவிடாதே என்று இருமலைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவன் வெளியே வந்தபோது தொடை வரை ஊதா நிறம். முகம் சாம்பல்.

"தலை கனக்குது. ராத்திரி சரியாத் தூங்கல" என்றான். கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு அடுப்பு ஓரமாக உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்கும்போதுதான் உறைத்தது. கத்தி நின்றுவிட்டது.

விளக்கை மேலே தூக்கினான்.

குழிக்குள் வெடிகாற்று கூரையில் நிற்கும். அதனால் குழிக்காரன் விளக்கை மேலே தூக்கித்தான் சோதிப்பான். தலைக்கு மேல், கூரையை ஒட்டி. ஆயிரம் தரம், பத்தாயிரம் தரம் தூக்கின கை அது. தொட்டியின் காற்று வேறு. அது தண்ணீர் மாதிரி கீழே நிற்கும். விளிம்பு வரை நிறைந்து நிற்கும். அது அவனுக்கும் தெரியும், மேட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவன் கைக்குத் தெரியவில்லை. கை தன் பாட்டுக்கு விளக்கை மேலே தூக்கியது. விளக்கு தன் பாட்டுக்கு உண்மையைச் சொன்னது: மேலே ஒன்றுமில்லை.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பக்கத்து மேட்டில் அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் தொட்டியில் இறங்கினான். சத்தமில்லை. அண்ணனை எடுக்கத் தம்பி இறங்கினான். தம்பியை எடுக்க வேறு யாரையும் இறங்க விடவில்லை. அர்மாந்தின் பார்த்தது அவர்களுடைய மரச்செருப்புகளை மட்டும்தான். தொட்டிக்கு வெளியே, ஏணிக்கடியில், ரெண்டு ஜோடியும் ஒழுங்காக வைத்திருந்தது.

அவனை எழுப்பிச் சொன்னாள்.

"விளக்கை மேல தூக்குன."

"எப்ப?"

"காலையில. தலைக்கு மேல தூக்கிப் பாத்த."

"போடி. எனக்குத் தெரியாதா? கீழதான் காட்டுனேன்."

"மேலதான் காட்டுன. நான் பாத்தேன்."

"படிக்கு வெளிய நின்னவளுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபமில்லை. பயம் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தொப்பி மிதிப்பு ஒன்றுதான் அவன் கையில் மிச்சமிருந்தது. அதுவும் முடியாது என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் நாற்காலிதான்.

அவள் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு உர்சுல் வீட்டுக்குப் போனாள்.

உர்சுல் அடுத்த வீட்டுக்காரி. ஒண்டிக்கட்டை, அறுபது தாண்டியவள். வடிகால் வாய்க்கால் யார் பக்கம் என்று தகராறு வந்து, ரெண்டு கோடையாக ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அர்மாந்தின் வேலியண்டை வந்தபோது அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு அது? என் வாய்க்காலைக் காலால அளந்துக்கிட்டு நிக்கிறது?"

"நான்தான்."

"நான்தான்னா? பேரு கிடையாதா?"

"உர்சுல், உன் கிணத்துக் கயிறு வேணும்."

உர்சுல் வாளியைக் கீழே வைத்தாள். இப்போதுதான் திரும்பினாள்.

"ரெண்டு வருசமா வாயில கொழுக்கட்டை. இப்ப வாயைத் தொறந்ததும் என் கயிறா கேக்குற? அடுத்தது என்ன, என் பல்லா? கீழ் வரிசையில நாலு இருக்கு."

"உங்கிட்டதான் நீளமான கயிறு இருக்கு. எங்ககிட்ட இருக்கிறது இத்துப்போச்சு."

"எதுக்கு?"

அர்மாந்தின் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். உர்சுல் அவள் முகத்தைப் பார்த்தாள், கொட்டகைக் கூரையைப் பார்த்தாள், சன்னலில் திணித்த சாக்கைப் பார்த்தாள்.

"பாதித் தொட்டிதானே உங்களுக்கு?"

"ஆமா."

"மடையன்" என்றாள் உர்சுல். யாரை என்று சொல்லவில்லை. உருளையிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். "நாளைக்குக் காலையில எனக்குத் திரும்ப வரணும். வாளிக்குக் கை கிடையாது, தானா ஏறி வர. அப்புறம், வாய்க்கால் என்னோடதுதான். கயிறு குடுத்ததால அது மாறாது."

சாயங்காலம் லெயோன்ஸ் கயிற்றைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடி இது, என்னைச் சந்தைக்கு ஓட்டப் போறியா?"

"கையைத் தூக்கு."

"ஆட்டைக் கட்டுற மாதிரி கட்டுற."

"ஆடுன்னா சொன்னாக் கேக்கும். கையைத் தூக்கு."

அக்குளுக்கடியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மறுமுனையை உத்தரத்தின் மேல் வீசிப் போடச் சொன்னாள். விழுந்த முனையை வாசற்படிக்கு வெளியே நின்று வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். அவளை எரிச்சல்படுத்தவே அவன் இந்தத் தரம் விளக்கைக் கீழே இறக்கிக் காட்டுவான் என்று நினைத்தாள். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. கை விளக்கை எடுத்தது. மேலே தூக்கியது.

"கீழ! லெயோன்ஸ், கீழ காட்டு!"

"கீழதானே காட்டுறேன்" என்றான். உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். இறங்கிவிட்டான்.

சதக். சதக். இருமல்.

"இறுகிப் போச்சு மாந்தின். கல்லாட்டம் இருக்குது. வாசனை வருதா அங்க? செர்ரிப்பழம் மாதிரி." இருமல். "பயலுகளுக்கு யோகம்தான்." சதக்.

அப்புறம் தொப்பி உடைந்த சத்தம் கேட்டது. பொசுக்கென்று, மாவு மூட்டை சரிந்த மாதிரி. பகலெல்லாம் அடைந்து கிடந்த காற்று அத்தனையும் அடியிலிருந்து மேலே வந்திருக்கும்.

அவள் காத்திருந்தாள். இருமல் வரவில்லை.

"லெயோன்ஸ்?"

கயிறு அவள் கையில் ஒரு தரம் வெட்டி இழுத்தது. கனத்தது.

அவள் இழுத்தாள். கயிறு உத்தரத்தில் முனகியதே ஒழிய நகரவில்லை. காலை நிலைப்படியில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். கழன்றிருந்த இடுப்பு இன்னொரு தரம் கழன்றது. வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று அவளுக்கே தெரியாது. உள்ளே ஓடு, ஏறு, எட்டிப் பிடி என்று உடம்பு முழுக்கச் சொல்லியது. கண்ணுக்கு முன்னால் ரெண்டு ஜோடி மரச்செருப்பு நின்றது. போகக் கூடாது. கயிற்றை விடக் கூடாது.

"உர்சுல்! உர்சுல்!"

"இங்கதான் இருக்கேன், கத்தாத" என்று முதுகுக்குப் பின்னாலேயே குரல் கேட்டது. தன் கயிறு என்ன பாடுபடுகிறது என்று பார்க்க அவள் சாயங்காலத்திலிருந்தே வேலியோரம் நின்றிருந்தாள். எலும்பான ரெண்டு கை அர்மாந்தினின் கைக்கு முன்னால் வந்து கயிற்றைப் பிடித்தது. "நான் சொல்றப்ப இழு. இப்ப. இப்ப. இழுடி, சோறு திங்கலயா நீ?"

தலை விளிம்புக்கு மேல் வந்தது. தொங்கிய தலை. தாடியெல்லாம் பழத்தோல். உர்சுல் கயிற்றைக் கதவுத் தூணில் ரெண்டு சுற்றுச் சுற்றி முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்துக்கொண்டாள். அர்மாந்தின் சன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தாள், மூச்சை அடக்கினாள், வாசற்படியைத் தாண்டினாள். ஏணியில் ஏறி அவனை அக்குளில் பிடித்து இழுத்தாள். ரெண்டு பேரும் மண் தரையில் விழுந்தார்கள். கயிறு அவன் நெஞ்சை இறுக்கியிருந்தது. சாற்றில் ஊறின முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தாள். இடுப்பிலிருந்த பழம் அறுக்கும் கத்தியை எடுத்து ஒரே அறுப்பாக அறுத்தாள். வெளியே முற்றத்துப் பனிக்கு இழுத்து வந்தார்கள். அறைந்தாள். இன்னொரு தரம் அறைந்தாள்.

அவன் இருமினான்.

அர்மாந்தின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் நிறுத்தாமல் இருமினான், ஊதா நிறத்தில் வாந்தியெடுத்தான், திரும்ப இருமினான். அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உர்சுல் மூச்சு வாங்கிக்கொண்டு அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அறுத்துட்டியே" என்றாள்.

வைத்தியர் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் அர்மாந்தின் வாசற்படியில் நின்று முகர்ந்தாள். பழ வாசனைக்கு அடியில் ஒரு ஊசி முனை மாதிரி காரம். காடி. தொப்பி திரும்பத் திரண்டு மேலே காய ஆரம்பித்திருக்கிறது. ஒரு நாள் விட்டால் தொட்டி முழுக்க முகம் கழுவக்கூட ஆகாது. வருசம் முழுக்கப் பட்ட பாடு, அவன் குழி நண்பர்களுக்குக் கொடுத்த வாக்கு, அடுத்த அறுப்பு வரைக்குமான ரொட்டி எல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது.

உர்சுல் வேலியண்டை நின்றாள். தண்ணீர் இல்லாமல் காலி வாளியோடு.

"நீ பிடிச்சுக்குவியா?" என்று கேட்டாள் அர்மாந்தின்.

"என்னத்த?"

"மறுமுனையை."

உர்சுல் கொட்டகைக் கதவைப் பார்த்தாள். "பொம்பளை இறங்குனா காடியாயிடும்பாங்க."

"இறங்காட்டியும் ஆகுது."

"அதுவும் சரிதான்" என்று உர்சுல் வாளியைக் கீழே வைத்தாள்.

படுக்கையறை சன்னலிலிருந்து லெயோன்ஸ் கூப்பிட்டான். குரல் காகிதம் கசங்குகிற மாதிரி இருந்தது. "மாந்தின். வேண்டாம். போனாப் போகுது. நீ போகாத. ஒயினு கெட்டுப்போகும்." பிறகு, மூச்சு எடுத்துக்கொண்டு, "நீயும் போயிருவ" என்றான். அவன் எதற்காக முதலில் பயந்தான் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

கதவை அகலத் திறந்தார்கள். சாக்கு எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். படுக்கை விரிப்பை ரெண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு மேல் வீசி வீசிக் காற்றை விரட்டினார்கள், பிசாசு ஓட்டுகிற மாதிரி. அறுந்த கயிற்றைச் சேர்த்து உர்சுல் முடிச்சுப் போட்டாள்.

"முடிச்சு நிக்குமா?"

"நிக்கலைன்னா தெரிஞ்சிரும்."

அர்மாந்தின் விளக்கைக் கம்பியில் கட்டிக் கீழே இறக்கினாள். விளிம்புக்குக் கீழே ஒரு முழம் போனதும் சுடர் குனிந்தது, நீலமானது, யாரோ கிள்ளின மாதிரி அணைந்துபோனது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்ப விரிப்பை வீசினார்கள். திரும்ப இறக்கினாள். திரும்ப அணைந்தது. கை வலித்து, உர்சுல் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்த பிறகு, கடைசியில் சுடர் தொப்பிக்கு மேல் வரை போய் நின்று எரிந்தது. விளக்கை அங்கேயே, தொப்பிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டாள்.

பாவாடையை அவிழ்த்து வைத்தாள். ஏணிக்கடியில் மரச்செருப்பைக் கழற்றினாள். கழற்றினதும் அதைக் கையில் எடுத்து, கொட்டகைக்கு வெளியே தூர எறிந்தாள்.

"செருப்பு என்னடி பாவம் பண்ணுச்சு?"

"பேசிக்கிட்டே இரு உர்சுல். நான் பதில் சொல்லலைன்னா இழு."

இறங்கினாள். மேலே சில்லென்று கெட்டியாக இருந்த தொப்பி, கால் உள்ளே போனதும் சூடு. உயிருள்ள மிருகத்தின் வயிற்றுக்குள் காலை விட்ட மாதிரி. காம்பு தொடையைக் கீறியது. விளிம்பு தலைக்கு மேல் எழும்பியது. வட்டமாகக் கொஞ்சம் கூரை, ஒரு உத்தரம், ஒரு கயிறு. அவ்வளவுதான் உலகம். மூச்சை மேலோட்டமாக இழுத்தாள். மூக்குக்குள் குத்தியது. பல் கிட்டித்தது. காலுக்கடியில் முணுமுணு என்று கொதி. அது சருகில் எறும்பு ஓடுகிற சத்தமாக அவளுக்குப் படவில்லை. யாரோ காதோரம் வந்து ரகசியம் சொல்கிற மாதிரி இருந்தது.

"வாய்க்கால் யாரோடது?" என்று மேலேயிருந்து உர்சுல் கேட்டாள்.

"பொது."

"என்ன?"

"பொதுன்னேன்!"

"ம். உயிரோடதான் இருக்க. மிதி."

மிதித்தாள். ஒரு ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக, பொசுக்கென்று உடைத்துவிடாமல். ஒவ்வொரு தரம் அமுக்கும்போதும் விளக்கைப் பார்த்தாள். சுடர் குனிந்தால் கயிற்றைப் பிடித்துப் பலகைக்கு ஏறிவிடுவாள். உட்கார்ந்து மூச்சு வாங்குவாள், பிறகு இறங்குவாள். ஒரு தரம் உள்ளங்கையில் சாற்றை அள்ளி நக்கினாள். பாதி இனிப்பு, பாதி புளிப்பு, நாக்கில் முள். காடி இல்லை. இன்னும் இல்லை.

கொதி அடங்கும் மட்டும் காலையும் சாயங்காலமும் அப்படியே நடந்தது. எந்த நாளும் பயம் குறையவில்லை. பழகும் என்று நினைத்தாள், பழகவில்லை. வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. பொம்பளை மிதித்த ஒயின் என்று தெரிந்தால் குழிக்காரன் ஒருத்தனும் தொட மாட்டான். தெரிந்தது மூன்று பேருக்கு. அதில் ஒருத்தி உர்சுல். உர்சுல் வாய்க்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்தது என்று அர்த்தம்.

குளிர்காலம் போயிற்று. லெயோன்ஸ் சாகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான், அடுப்புக்கும் படுக்கைக்கும் நடந்தான், தொட்டிக் கொட்டகையின் பேச்சை எடுக்கவில்லை. பீப்பாயில் ஒயின் தெளிந்தது. செர்ரி மரம் பூக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை கசிமிர் மோட்டார் சைக்கிளில் வந்தான். அப்பன் காலத்தில் போலந்திலிருந்து வந்த குடும்பம். லெயோன்சோடு ஒரே குழியில் வேலை பார்த்தவன். குழிக்காரர்கள் எல்லோருக்கும் ஒயின் பார்த்து வாங்குகிற பொறுப்பு அவனுடையது. அவன் நல்லாயிருக்கு என்றால் பீப்பாய் அத்தனையும் போகும். உதட்டைப் பிதுக்கினால் ஒன்றும் போகாது.

"மதினி, எங்க அண்ணன்? என்னய்யா, பாதியாயிட்ட? மீதியை எங்க வச்சிருக்க?"

"பீப்பாயில" என்றான் லெயோன்ஸ்.

அர்மாந்தின் வால்நட் போட்ட ரொட்டி, பன்றிக்கொழுப்பு வறுவல், ஆட்டுப் பாலாடைக்கட்டி எல்லாம் வைத்தாள். பீப்பாயிலிருந்து எடுத்துவந்து ஊற்றினாள். கிண்ணத்தில் விழும்போது நிறம் மெலிசாக இருந்தது. சன்னல் பக்கம் தூக்கினால் அந்தப் பக்கத்து மரம் தெரிந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கசிமிர் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டான். ஒரு வாய் வைத்துக்கொண்டான். கன்னத்துக்குள் உருட்டினான். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளிப்பு இருக்கு" என்றான்.

காடி. சொல்லிவிட்டான்.

"குளிர் வருசமில்ல" என்றான் லெயோன்ஸ், அவசரமாக.

"குறையாச் சொல்லலய்யா, இரு." கசிமிர் ரொட்டியில் கொழுப்பை வைத்துக் கடித்தான், அதன் மேல் இன்னொரு வாய் குடித்தான். அவன் முகம் மெல்ல அவிழ்ந்தது. "ஆங். இதுக்குத்தான். வாயில இருக்கிற எண்ணெயை அப்படியே கழுவிட்டுப் போகுது. புளிச்ச செர்ரி, மழை பேஞ்ச மண்ணு, கடைசியில காம்போட ஒரு சின்னக் கசப்பு. போன வருசத்ததை விட இது ஒயினு. போன வருசத்தது ஜாமு."

"எடுத்துக்குவியா?" அவள் ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மூக்குக்கும் வாய்க்கும் சரி, மூணாவது சோதனை இருக்கே மதினி. நாளைக்கு விடிய குழிக்குள்ள இறங்கும்போது தலை வலிக்குதான்னு பாக்கணும். வலிக்கலைன்னா அத்தனையும் எனக்கு. அதே விலைதானே?"

"அதே விலைதான்."

"கிழக்க இதையே நாலு மடங்கு சொல்றான்." கசிமிர் கிண்ணத்தை லெயோன்ஸ் பக்கம் தூக்கினான். "உன் காலுக்குய்யா. நுரையீரலு போனாலும் காலு போகல. ஆம்பளைக் காலு."

லெயோன்ஸ் கிண்ணத்தைத் தூக்கவில்லை. மேசையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அர்மாந்தின் அவன் வாயையே பார்த்தாள்: சொல்லாதே, சொல்லிவிடாதே.

அப்போது கதவு திறந்தது. உர்சுல். கையில் வாளி.

"என் கயிறு எங்க?"

காலி வாளியை ஆட்டிக் காட்டினாள்.

"இலையுதிர் காலத்துல வாங்குனது. நாளைக்கே வேணும்னு சொன்னேன். இப்ப குயில் கூவுது. கிணத்துக்குள்ள பாதி உடம்பை விட்டுல்ல தண்ணி எடுக்கிறேன். ஒரு நாள் தலைகீழா விழப் போறேன். அப்ப வாய்க்கால் உங்களுக்குத்தான்."

கசிமிர் சிரித்தான். "எதுக்கு மதினி இவங்க கயிறு? அம்புட்டு நீளமா?"

உர்சுல் கசிமிரைப் பார்த்தாள். மேசையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அர்மாந்தினின் முகத்தில் ரத்தம் இல்லாததைப் பார்த்தாள். கடைசியாக, நாற்காலியில் இருந்த லெயோன்சின் மேல் அவள் கண் போய் நின்றது.

"ஆடு கட்ட" என்றாள். "கிழ ஆடு ஒண்ணு. சொன்னாக் கேக்காது. போகாத இடத்துக்கெல்லாம் போகும்."

"எங்க இப்ப அந்த ஆடு?"

"ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கும்" என்றாள். அர்மாந்தினின் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. காடியாகல." வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லெயோன்சுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. நெடுநேரம் இருமினான்.

கசிமிர் கிளம்பின பிறகு அர்மாந்தின் கொட்டகைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்த தொட்டி, காலி. சுவரில் ஆணியில் விளக்கு. உத்தரத்தில் புதுக்கயிறு சுருட்டிக் கிடந்தது. பிப்ரவரிச் சந்தையில் உர்சுலுக்கென்றுதான் வாங்கினாள்: தடித்த சணல், நல்ல நீளம். ரெண்டு தரம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி வரை போனாள். ரெண்டு தரமும் திரும்பி வந்துவிட்டாள். அக்டோபர் வரும். அவன் இனி இறங்க மாட்டான். அவள்தான் இறங்க வேண்டும். பழைய கயிற்றில் அந்த முடிச்சு இருக்கிறது. அதை நம்பி இன்னொரு வருசம் இறங்க முடியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் உர்சுல் கிணற்றுக்குள் குனிந்து, குட்டைக் கயிற்றில் தண்ணீர் எடுக்கிற சத்தம் கேட்டது. வாளி கல்லில் இடித்தது. அர்மாந்தின் நின்று கேட்டாள், வாளி மேலே வரும் வரைக்கும்.

புதுக்கயிற்றை எடுக்காமல் கதவைச் சாத்தினாள். உர்சுலுக்குத் தர வேண்டியது ஒரு கிணற்றுக் கயிறு. அது இன்னும் பாக்கி.